தேய்த்தழிக்கப்படும் முத்திரைகள்



டேட்டன் என்றால் ரைட் சகோதரர்களின் ஊர் என்பார்கள். இந்த ஊருக்கு வேறொரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா செய்த எம்1 கார்பைன் துப்பாக்கிகள் 60 லட்சத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறைய 26 லட்சம் இங்கே, ஜெனரல் மோட்டார்ஸின் இன்லேண்ட் பிரிவில் செய்யப்பட்டவை. மற்றவற்றைச் செய்தவர்களில் வின்செஸ்டரை விட்டால் பெரும்பாலோர் அதுவரை துப்பாக்கித் தொழிலையே அறியாதவர்கள். அண்டர்வுட் தட்டச்சுப் பொறிக்காரர்கள். ராக்-ஓலா காசு போட்டால் பாடும் இசைப்பெட்டிக்காரர்கள். ஐபிஎம் கணக்குப் பொறிக்காரர்கள்.

அந்தத் துப்பாக்கியை 1943-இல் ஆலையை விட்டு வெளிவந்த கோலத்திலேயே மறுபடி உருவாக்கிப் பார்ப்பதை இங்கே ஒரு நோன்பாகவே கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணின் கூர்மையை நான் மதிக்கிறேன். துப்பாக்கியின் மரக்கட்டையில் தோள்வார் நுழையும் துளையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதன் இரு முனைகளிலும் குறுக்குவெட்டு இருந்தது; பிறகு வேலையைச் சுருக்க வெறும் நீள்வட்டமாக வெட்டினார்கள். துளைக்குள் விரல் தடிமனில் ஓர் எண்ணெய்க் குப்பி. வாரை அதைச் சுற்றி இழுத்தால் குப்பியே வாரைப் பிடித்துக்கொள்ளும். தனியாகக் கொக்கி எதுவும் கிடையாது. துளையின் வடிவத்தைப் பார்த்தே கட்டை முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடுகிறார்கள்.

பாதுகாப்புப் பொத்தானும் அப்படித்தான். முதலில் அது அழுத்தும் பொத்தான். மேகசினை விடுவிக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை அழுத்திய வீரனின் மேகசின் கழன்று தரையில் விழுந்தது. அதனால்தான் பின்னர் திருப்பும் நெம்புகோல் வந்தது. பயோனெட் மாட்டும் பட்டை 1944-இன் கடைசியில்தான் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூனில் நார்மண்டிக் கரையில் இறங்கும் வீரனின் கார்பைனில் அந்தப் பட்டையைத் திரைப்படம் காட்டினால் அது பிழைதான்; அதைச் சுட்டுபவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றில் நான் இவர்களோடு முரண்படுகிறேன். துப்பாக்கியில் எல்லா உறுப்பும் ஒரே ஆலையின் முத்திரையோடு இருந்தால்தான் அசல் என்கிறார்கள். போர்க்காலத்தில் அப்படி ஒரு விதி இருந்ததே இல்லை. எவர் செய்த உறுப்பும் எவர் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்பதே அரசின் கட்டளை. ஓர் ஆலையில் போல்ட்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் இன்னோர் ஆலையிலிருந்து வண்டியேறும். சிகாகோவின் குவாலிட்டி ஹார்ட்வேர் தன் கையால் செய்தது ஏறத்தாழ துப்பாக்கியின் உடலான ரிசீவர் ஒன்றைத்தான். குழல் முதல் மற்ற உறுப்புகள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. அந்தப் பெயர் தாங்கிய துப்பாக்கிக்குக் கலப்புதான் அசல்.

போர் முடிந்ததும் படையின் ஆயுதக் கிடங்குகள் கார்பைன்களைக் கழற்றி, உறுப்புகளை வகைவாரியாகக் கொட்டி, புதிய பாணிப் பட்டையும் குறிபார்க்கும் தகடும் வைத்துத் திரும்பக் கோத்தன. வேலை முடிந்ததற்கு அடையாளமாகக் கட்டையில் கிடங்கின் எழுத்துகளைக் குத்தினார்கள். ராக் ஐலண்ட் கிடங்கு என்றால் ஆர்.ஐ.ஏ. பிறகு அந்தத் துப்பாக்கிகளில் பல கொரியப் போருக்குப் போயின. தென்கொரியப் படைக்கும் கொடுக்கப்பட்டன. அங்கிருந்து 1980-களில் இங்கே திரும்பி வந்தவற்றின் குழலில் இறக்குமதி செய்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும்.

இப்போது 1943-இன் கோலத்தைத் தேடுபவர்கள் கிடங்கில் சேர்த்த உறுப்புகளைக் கழற்றி வீசுகிறார்கள். உப்புத்தாள் போட்டுக் கிடங்கின் முத்திரையைத் தேய்த்து அழிக்கிறார்கள். சந்தையில் ஒரு கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன்: மூன்று எழுத்துகள் இருந்த இடம் லேசாகக் குழிந்திருந்தது, அங்கு மட்டும் மரம் வெளிறியிருந்தது. விற்றவர் அதையே ஒரு சிறப்பாகச் சொன்னார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்தத் துப்பாக்கி ஆலையில் கழித்தது சில நாட்கள். அந்த எழுத்துகளோடு உழைத்தது பல ஆண்டுகள். போலி எழுத்துகளைப் புதிதாகக் குத்தி விற்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்க மாட்டேன்.

தாத்தாவின் கார்பைனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மரத்தில் உப்புத்தாள் படக் கூடாது. உறுப்பை மாற்றித்தான் தீர வேண்டுமென்றால் கழற்றியதை ஒரு பையில் போட்டு, எதை எப்போது மாற்றினோம் என்று எழுதித் துப்பாக்கியோடேயே வையுங்கள்.


டேட்டனிலிருந்து