தாத்தா குரலுக்கு ஒரு பெட்டி

போன மாசம் எங்க உறையூர் வீட்டு ஹார்டு டிஸ்க் 'கடக் கடக்'குன்னு சத்தம் போட்டுச்சு. தாத்தா பேசுற ஒரே வீடியோ அதுலதான். நல்லவேளை, காப்பி எடுக்குற வரைக்கும் தாங்குச்சு. உடனே வீட்டுக்கு ஒரு சர்வர்னு முடிவு பண்ணிட்டேன்.

ஃபைலை அப்படியே டிவிக்கு அனுப்ப பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே போதும். காசை டிஸ்குல போடுங்க மக்களே. 4 டிபி ரெண்டு வாங்கி மிரர் போட்டா கிடைக்கிறது 4 டிபிதான் (பி.காம். மூளைக்கு வலிக்குது!). சி.எம்.ஆரான்னு பார்த்து வாங்குங்க. எஸ்.எம்.ஆர்.ல தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏறியிருக்கும்; ஒண்ணை மாத்த பக்கத்துல உள்ளதையும் திருப்பி எழுதணும். 2020ல சில டபிள்யூ.டி. ரெட் டிஸ்குல இது இருக்குன்னு தெரிஞ்சு பெரிய ரகளை.

மிரர்ல தப்பா அழிச்சா ரெண்டுலயும் போயிடும். அதனால இன்னொரு காப்பி ஸ்ரீரங்கம் அத்தை பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல.