குளிர்ந்த அறையில் ஒரு தொட்டி



சில வாரங்களாக ஆராதனை முடிந்ததும் உங்களுள் பலர் கேட்டது ஒரே கேள்வி: "போதகர் ஐயா, உங்கள் வீட்டில் கால் முளைத்த மீன் ஒன்று இருக்கிறதாமே?" அது மீன் அன்று. ஆக்சலாட்டல் என்னும் சாலமாண்டர். தவளையின் தூரத்து உறவு. தவளையின் வாற்பேத்தை வளர்ந்து, செவுளை இழந்து, கரையேறும். இதுவோ தலையின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களோடு நீருக்குள்ளேயே இருந்து, அந்தக் கோலத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். இழந்த கால் எலும்போடும் விரல்களோடும் மீண்டும் முளைக்கும். இதைப் பாடசாலையில் அறிந்த நாள்முதல் எங்கள் இளைய மகள் வேறெதையும் கேட்கவில்லை. அவளுக்கு வயது 12. தங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள், எவ்வளவு செலவாகும் என்று இரண்டு வீட்டார் வினவியதாலேயே இதை எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. இதன் தாய்மண் மெக்சிக்கோ நகரின் தெற்கேயுள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். அங்கே 1998 இல் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 ஆக இருந்தவை 2014 இல் 36 ஆகிவிட்டன. நகரத்தின் கழிவுநீரும், உணவுக்கென்று மனிதர் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலாப்பியாவும் இதற்குக் காரணம். அழிந்துகொண்டிருக்கும் ஓர் உயிரை விளையாட்டுப் பொருளாக்கலாமா? வீடுகளில் வளர்பவை அந்தக் கால்வாயிலிருந்து பிடிக்கப்பட்டவை அல்ல. 1864 இல் 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸ் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் ஆறைப் பெற்று இனம் பெருக்கினார் டுமெரில் என்னும் விலங்கியலாளர். ஐரோப்பிய ஆய்வுகூடங்களுக்குப் பரவியவற்றுள் பல அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை. தோல்நோயைப் பரப்பும் ஒரு பூஞ்சணத்துக்கு அஞ்சி, 2017 முதல் கனடாவுக்குள் சாலமாண்டர்களை அனுமதிப்பத்திரமின்றிக் கொண்டுவர முடியாது. ஆகவே இங்கே பிறந்ததையே வாங்கவேண்டும். அப்படி வாங்குவதால் சோச்சிமில்கோவுக்குத் தீங்கில்லை, நன்மையும் இல்லை. வளர்ப்பதையே பாதுகாப்புப் பணி என்று சொல்லிக்கொள்வோரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

உண்மையான பாதுகாப்புப் பணி செய்வோரும் இருக்கிறார்கள். மெக்சிக்கோவின் பாட்ஸ்குவாரோ ஏரியில் இதன் நெருங்கிய இனம் ஒன்று வாழ்கிறது. அதன் அறிவியற் பெயரில் மேற்சொன்ன டுமெரிலின் பெயரே இருக்கிறது. அந்த ஊரின் தொமினிக்கன் கன்னியர் மடத்துச் சகோதரிகள் அதைக் கொண்டு இருமல் மருந்து செய்து விற்று வாழ்ந்தவர்கள். ஏரியில் அது அருகியபோது மடத்துக்குள்ளேயே தொட்டிகள் வைத்து வளர்க்கத் தொடங்கினார்கள். இன்று அந்த இனத்தின் பெரிய கூட்டம் ஒன்று அவர்களுடைய பராமரிப்பில்தான் உள்ளது. தலையில் முக்காடிட்டு, கையில் வாளியோடு தண்ணீர் மாற்றும் அந்தச் சகோதரிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனிச் செலவுக்கு வருவோம். விலங்கை விட்டு, 200 டொலருக்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று என் மனைவி வரம்பிட்டார். அதற்குள் முடிந்தது. 150 லீற்றர் கொள்ளும் பாவித்த தொட்டி, மூடியுடன் 60 டொலர். காற்றுப் பம்பும் ஸ்பாஞ்சு வடிகட்டியும் 35. விலை உயர்ந்த வடிகட்டிகள் நீரை வேகமாகச் சுழற்றும். அமைதியான கால்வாயில் வாழ்ந்த இவ்வினத்துக்கு அது வேதனை. மலிவானதே இங்கே மேலானது. ஒளிந்துகொள்ள, விளிம்பு உடையாத இரண்டு பூச்சட்டிகள். கூழாங்கல் வேண்டவே வேண்டாம். உணவை வாயால் உறிஞ்சும்போது கல்லையும் விழுங்கிக் குடல் அடைபட்டு இறந்துபோகும். வெறும் கண்ணாடித் தளமே போதும்.

பணத்தை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ஒன்றுண்டு: 45 டொலர் கொடுத்து வாங்கிய நீர்ச்சோதனைக் குப்பிகள்.

இவ்விலங்குக்கு நீர் 16 முதல் 18 பாகை வரை இருக்கவேண்டும். 24 பாகையில் உயிருக்கே ஆபத்து. நீரைக் குளிரூட்டும் இயந்திரத்தின் விலையோ எங்கள் வரம்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் வீட்டிலேயே குளிரான இடத்தைத் தேடவேண்டும். அது எது என்று எங்களுக்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. நிலவறையின் வடக்கு அறை. என் மாமியார் ஒன்பது ஆண்டுகள் அங்கேதான் இருந்தார். இரண்டு சோடி காலுறை அணிந்துகொண்டு, யாழ்ப்பாணத்து வெயிலை நினைத்து, அந்த அறையின் குளிரை நாள்தோறும் குறைசொல்வார். சென்ற ஐப்பசியில் அவர் மறைந்தபின் என் மகள் அந்த அறைக்குள் காலடி வைக்கவில்லை. வெப்பமானி 17 காட்டியது. அவள் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அம்மம்மா குளிருது குளிருது எண்டு சொன்னது உண்மைதான் அப்பா" என்றாள்.

தொட்டியை நிரப்பிய அன்றே விலங்கை விடக்கூடாது. அதன் கழிவிலிருந்து அமோனியா உண்டாகும்; அது செவுளை எரிக்கும். ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவ்விரு கூட்டமும் ஸ்பாஞ்சுக்குள் குடியேறுவதற்கு வாரங்கள் பிடிக்கும். அதுவரை குப்பியிலிருந்து சில துளி அமோனியாவை நாமே விட்டு அவற்றுக்கு உணவளிக்கவேண்டும். நீண்டகாலமாக மீன் வளர்க்கும் நம் சபையின் மூப்பர் ஒருவர், நோய் காணாத தம் தொட்டியிலிருந்து பாதி ஸ்பாஞ்சை வெட்டித் தந்தார். விலையில்லாத அந்தத் துண்டு எங்களுக்குப் பல நாட்களை மிச்சப்படுத்தியது. ரொறன்ரோவின் குழாய்நீரில் குளோரமீன் இருப்பதால், இரவு முழுவதும் வாளியில் வைத்தாலும் அது போகாது. அதை நீக்கும் மருந்தைக் கலந்தே ஊற்றவேண்டும்.

முப்பத்தைந்து நாட்கள் மகள் ஒவ்வொரு மாலையும் அந்த அறைக்குப் போனாள். குப்பியில் நீரெடுத்து, துளிகளை எண்ணி, நிறத்தைப் பார்த்து, கொப்பியில் எழுதினாள். பச்சை மங்கி மஞ்சளாயிற்று. ஊதா ஏறி, ஏறி, பிடிவாதமாய் நின்றது. "தண்ணிக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிறாள்" என்று அண்ணன் கேலிசெய்தான். அவள் பொருட்படுத்தவில்லை. முதலில் வாசலில் நின்று எழுதியவள், பிறகு அம்மம்மாவின் நாற்காலியில் அமர்ந்து எழுதினாள். இட்ட அமோனியா ஒரே நாளில் மறைந்து, நைத்திரைற்றும் இல்லாதுபோன அன்று, மாடிப்படியில் அவள் ஓடிவந்த சத்தம் வீடெங்கும் கேட்டது.

தொட்டி நீரின் பெரும்பகுதியை மாற்றிவிட்டு, அவளுடைய உண்டியற் பணத்தில் குட்டியை வாங்கினோம். தூண்டிற்காரர்களுக்கு விற்கும் மண்புழுவே அதற்குச் சிறந்த உணவு. ஒரு டசின் சில டொலர்தான். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீர் மாற்றுகிறோம். ஆடி மாதத்து வெக்கையில் நீர் 21 ஆனபோது, நீர்ப்பரப்பின் மீது மேசை மின்விசிறியை வீசவிட்டோம். இரண்டு பாகை இறங்கியது.

முடிவுசெய்யுமுன் ஒன்றை எண்ணிப்பாருங்கள். இது 10 முதல் 15 ஆண்டுகள் வாழும். என் மகள் இன்னும் ஆறு ஆண்டுகளில் பல்கலைக்கழகம் போய்விடுவாள். அதன்பின் வாளி தூக்கப்போவது யார் என்பதை என் மனைவி இப்போதே தீர்மானித்துவிட்டார், என்னிடம் கேட்கவில்லை.