கதவிருந்த பெட்டி

1975 ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கிற்று. சில ஆண்டுகளில் நகரிலிருந்த எங்கள் இல்லத்திற்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று வந்தது. மரக்கூடு, முன்புறம் இழுத்துச் சாத்தும் கதவு. கண்ணாடிக் குழாயின் பின்முனையில் பிறக்கும் எலெக்ட்ரான் கற்றை திரை முழுதும் பரவ இடைவெளி வேண்டும். அதனாலேயே பெட்டிக்கு அத்தனை ஆழம்.

மஃரிபுக்குப் பாங்கு ஒலித்ததும் வாப்பா எழுந்து கதவைச் சாத்துவார்கள். ஒரு சொல்லும் சொல்லமாட்டார்கள். நாங்களும் எழுந்துவிடுவோம்.

1982இல் வண்ணம் வந்தது. பின்னர்க் குழாயும் மறைந்தது. இன்று மெல்லிய திரை சுவரில் தொங்குகிறது. அதற்குக் கதவில்லை.

சென்ற வாரம் பாங்கொலி கேட்டு, மகனை எழச் சொல்ல வாயெடுத்தேன். என் விழிகளும் திரையிலேயே நிலைத்திருந்தமை உணர்ந்து நாணினேன். அன்பர்களே, பெட்டி கதவை இழந்தது. சாத்தும் கையை நாம் இழக்கலாகாது.