கேட்கும் இடம்

அடெல்ஃபி கட்டடத்தின் ஹைஃபை கடையொன்றில் சீன அங்கிள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி பட்ஜெட்டைப் பற்றியதல்ல. "ரூம் எவ்வளவு பெருசு?" என்றார். நான் அதைக் காதில் வாங்காமல் இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்' போடச் சொன்னேன். 1988இல் வந்த ஆல்பம். அப்பாவின் கேசட்டில் கேட்டு வளர்ந்தவன் நான். அன்று அங்கே இடுப்புயர டவர் ஸ்பீக்கர்களில் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலில் காற்று உரசுவதுகூடத் தனியாகக் கேட்டது. குழல் முன்னால், வயலின்கள் பின்னால், நடுவே ஒரு ஆள் நடந்து போகலாம் போல வெளி. ஒரு மாதச் சம்பளத்துக்குமேல் கொடுத்து வாங்கிவிட்டேன்.

எங்கள் வீவக வீட்டின் ஹாலில் அந்த வெளி இல்லை. பேஸ் மட்டும் ஊதிப் பெருத்து, குழலையே மூடியது. கேபிளை மாற்றிப் பார்த்தேன், ஆம்பிளிஃபையரைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கணக்குப் போட்டால், 50 ஹெர்ட்ஸ் பக்கம் அலை சுவர்களுக்குள் சிக்கி நின்றுவிடும். ஸ்பீக்கரும் சுவரை ஒட்டி, சோபாவும் சுவரை ஒட்டி. இஞ்சினியருக்கு இது முன்னமே தெரிந்திருக்க வேண்டாமா?

மருந்து எளிதுதான். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து முன்னால் இழுக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். அந்த முக்கோணத்தின் ஒரு முனை சரியாக அம்மாவின் தையல் மிஷின்மேல் போய் நின்றது.

நான் வாய் திறக்கவில்லை. அளந்ததை மட்டும் அம்மா பார்த்திருக்கிறார். மறுநாள் வேலைவிட்டு வந்தபோது ஜன்னலோரம் காலியாக இருந்தது. மிஷின் படுக்கையறைக்குப் போயிருந்தது. டியூப்லைட் நிழலில் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இங்க கொண்டாந்தீங்க?"

"நீ ஆசப்பட்டு வாங்கிட்ட. நான் எங்க உக்காந்து தச்சா என்னப்பா?"

என் பல்கலைக்கழகச் செலவில் பாதி அந்த மிஷினில் தைத்த ரவிக்கைகளிலிருந்து வந்தது. பகல் வெளிச்சத்துக்காகவே அது ஜன்னலோரம் இருந்தது. விசாலமான ஒலி என்று நான் காசு கொடுத்து வாங்கியது, வேறொருவர் உட்கார்ந்திருந்த இடத்தை.

அன்றிரவே மிஷினைத் திரும்பத் தூக்கிவந்தேன். டவர் ஸ்பீக்கர்களை நஷ்டத்துக்கு விற்றேன். மறுபடி அதே அங்கிளிடம் போய் இந்த முறை அளவைச் சொன்னேன். சிரித்தார். எல்எஸ்3/5ஏ கதையைச் சொன்னார். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த ஸ்பீக்கர். முப்பது சென்டிமீட்டர் உயரம்தான். ஆழமான பேஸ் வராது. ஆனால் மனிதக் குரல் சுத்தமாக வரும். வேனுக்குள் அதுதானே தேவை.

அதே வழியில் செய்த ஒரு சின்ன மூடிய பெட்டி ஜோடியை செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கிறேன். கேட்கும்போது ஸ்டாண்டோடு முன்னால் இழுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். கிட்ட உட்கார்ந்தால் சுவர் பேசுவது குறையும், ஸ்பீக்கர் பேசுவது கூடும். முடிந்ததும் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். டவர் தந்த கீழ்க்கட்டை போனது போனதுதான். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் இளைத்துத்தான் கேட்கிறது.

போன வாரம் அம்மாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்பா போடுவாரே, அதானே? யாரோ பக்கத்துல மூச்சு விடுற மாதிரி இருக்கு."

அடுத்ததைப் போடப் போனேன். "போதும்ப்பா, நாளைக்கு ரெண்டு ரவிக்கை குடுக்கணும்" என்று எழுந்துவிட்டார். நான் ஸ்டாண்டை ஓரத்துக்குத் தள்ளினேன், அவர் மிஷினுக்குப் போக வழி வேண்டுமே.