நடுவில் வந்து இறங்கும் வாசகர்

மென்பொருளின் உதவிப் பக்கத்தை யாரும் ஆசைப்பட்டுத் திறப்பதில்லை. வேலை நின்றுபோனால்தான் திறக்கிறார்கள். அதிலும் கூகுள் வழியே வருபவர் முன்னுரை, முதல் அத்தியாயம் எதையும் பார்க்காமல் நேரே நடுப்பக்கத்தில் வந்து இறங்குகிறார். ‘முன்பு சொன்னபடி’ என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்?

1980களில் ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வு மையத்தில் ஜான் கேரலும் சகாக்களும் அலுவலக ஊழியர்கள் கணினியில் கடிதம் தட்டச்சப் பழகுவதை அருகிருந்து கவனித்தார்கள். கையேட்டை வரிசையாகப் படிக்க அவர்களுக்குப் பொறுமையில்லை. பாதியில் தாவினார்கள், கண்ணில் பட்டதை அழுத்தினார்கள், சிக்கிக்கொண்டு விழித்தார்கள். கையேடோ, எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது. கேரல் குழு அதை வெட்டிச் சுருக்கி, செய்யவேண்டிய வேலையை முன்னால் வைத்து, தவறினால் மீளும் வழியையும் சேர்த்தது. மெலிந்த கையேட்டில் பழகியவர்கள் சீக்கிரம் கற்றார்கள். 1990இல் வந்த கேரலின் ‘தி நூரன்பெர்க் ஃபனல்’ இந்த அனுபவத்தில் விளைந்த நூல்.

இன்றும் பல உதவித் தளங்கள் மெனுவின் வரிசையிலேயே அடுக்கப்படுகின்றன. எழுதுபவருக்கு அது சுலபம். ஆனால் பணம் கழிந்தும் ரசீது வராதவர் ‘அமைப்புகள்’ என்ற தலைப்பில் எதைத் தேடுவார்? திட்டமிட உட்காரும் எழுத்தாளருக்கு வாடிக்கையாளர் சேவைக்கு வரும் கேள்விகளும், தளத்தில் தேடி விடை கிடைக்காத சொற்களும்தான் நல்ல மூலப்பொருள். திரையில் வரும் பிழைச்செய்தியை எழுத்து மாறாமல் பக்கத்தில் போடவேண்டும். மக்கள் அதைத்தான் அப்படியே தேடுகிறார்கள்.

‘அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்’ என்ற பகுதி பெரும்பாலும் இடம் கிடைக்காத தகவல்களின் கிடங்கு. 2012இல் தொடங்கிய பிரிட்டிஷ் அரசுத் தளத்தின் எழுத்து விதிகள் அதை வேண்டாம் என்றே சொல்கின்றன.

டேனியெலே ப்ரோச்சிடாவின் ‘டயாடாக்ஸிஸ்’ முறை ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறது: பயிற்சிப் பாடம், செய்முறை, குறிப்புத் தகவல், விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் கலந்தால், அவசரக்காரர் கோட்பாட்டில் மாட்டிக்கொள்வார்.

எச்சரிக்கையின் இடமும் திட்டத்தில் சேர்ந்ததே. ‘அழி’ பொத்தானை அழுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் ‘இதை மீட்க முடியாது’ என்று எழுதும் பக்கங்கள் இன்னும் இருக்கின்றன! படிக்கும்போதே விரல் அழுத்திவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை அள்ளித் தெளிப்பதிலும் நிதானம் வேண்டும். ஒரு பொத்தான் இடம் மாறினால் அத்தனை படங்களும், மொழிக்கு ஒன்றாக, பழசாகிவிடும். இதனால்தான் சில குழுக்கள் ஆவணத்தை நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, இரண்டு மாற்றங்களையும் ஒன்றாகவே சரிபார்க்கின்றன.