கழுத்து வலியும் கிணத்து நீச்சலும்

மூணு மாசமா கழுத்து வலி மக்களே. ஆணி புடுங்குறவனுக்கு கழுத்து வலிக்கிறதெல்லாம் ஒரு செய்தியான்னு கேட்காதீங்க. தொப்பையைக் குறைக்கலாம்னு காலைல ஆறு மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போக ஆரம்பிச்ச மூணாவது வாரம் வந்த வலி இது. (நல்லதுக்குக் காலமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க!)

முதல்ல அம்மா வைத்தியம். "தலகாணிய மாத்து கண்ணு, விளக்கெண்ணெய் தடவி வெந்நி ஒத்தடம் குடு"ன்னு போன்லயே சொன்னாங்க. ரெண்டு நாள் கேட்டுச்சு. அப்புறம் பைக்ல போறப்ப பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்க்க முழு உடம்பையும் திருப்ப வேண்டியதாப் போச்சு.

அடுத்து எலும்பு டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "எலும்புல ஒண்ணுமில்ல. காலர் போடுங்க, நீச்சலை நிறுத்துங்க"ன்னு ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டார். காலரோட ஆபீஸ் போனா, "என்ன மச்சி, மேனேஜர் கழுத்தைப் பிடிச்சுட்டாரா?"ன்னு ஒரே நக்கல். அது கூடப் பரவாயில்லை. நாள் முழுக்க வராத நிம்மதி அந்த முக்கா மணி நேரத் தண்ணியிலதான் வந்துச்சு. அதை விட மனசு வரலை.

கடைசியா ஒரு பிசியோதெரபிஸ்ட். கை மரத்துப் போகுதா, பிடி தளருதான்னு முதல்ல விசாரிச்சாங்க (இருந்தா உடனே டாக்டரைப் பார்க்கணுமாம்). அப்புறம், "எப்படி நீந்துவீங்க, செஞ்சு காட்டுங்க சார்"னாங்க. கட்டில்ல குப்புறப் படுத்துக் கையை வீசினேன். சிரிச்சுட்டாங்க. தலையைப் பாம்பு படமெடுத்த மாதிரி தூக்கி வச்சிருந்தேன்!

கழுத்துல இருக்கிறது ஏழே எலும்பு (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான்). தலையோ சுமார் 5 கிலோ. முகத்தைத் தண்ணிக்கு வெளிய வச்சு நீந்தினா கழுத்து பின்பக்கம் மடங்கியே இருக்கும், தசைக்கு ஓய்வே கிடையாது. தலை ஏற ஏற இடுப்பு தாழும், அதனால இன்னும் தலையைத் தூக்குவோம். மிச்ச நேரமெல்லாம் லேப்டாப் முன்னாடி கழுத்தை நீட்டிட்டு உக்கார்றோம். வலிக்காம என்ன செய்யும்?

மோவாயை உள்ள இழுத்து அஞ்சு எண்ணுற வரைக்கும் வச்சிருக்கிற பயிற்சி, ஒரு தடவைக்குப் பத்து. அது சுலபம். இன்னொண்ணுதான் சிக்கல். "முகம் தண்ணிக்குள்ள, கண்ணு தரையில. மூச்சுக்குத் தலையைத் தூக்காம உடம்போட சேர்த்து உருட்டுங்க."

எட்டு வயசுல அப்புச்சி தோட்டத்துக் கிணத்துல சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகினேன். ஒரு நாள் கயிறு அவுந்து உள்ள போயிட்டேன். அப்புச்சி குதிச்சு முடியைப் பிடிச்சுத் தூக்கினார். அப்புறம் நீச்சல் வந்துச்சு, ஆனா முகம் தண்ணியைத் தொடவே இல்லை. இருபது வருஷமா அதை என் ஸ்டைலுன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். கழுத்து மட்டும்தான் நம்பலை.

இப்போ மூணடி ஆழத்துல, வாண்டுகளுக்கு நடுவுல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு குமிழி விடுறேன். முதல் நாள் மூணு எண்ணுறதுக்குள்ள பதறி எழுந்துட்டேன். பக்கத்துல ஒரு பொடியன், "கண்ணைத் தொறந்து பாருங்க அங்கிள், ஒண்ணும் ஆகாது"ன்னான்.

நேத்து பத்து வரைக்கும் எண்ணினேன். தரையில நீலக் கல்லு பளபளன்னு தெரிஞ்சுது. கழுத்தும் முக்கால்வாசி திரும்புது. அப்புச்சி இருந்திருந்தா இதை அவருக்குத்தான் முதல்ல சொல்லியிருப்பேன்.