கழித்தல் கணக்கு

1871-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி மைசூர் நாட்டின் மக்கள்தொகை 50,55,412. 1881-ஆம் ஆண்டில் அது 41,86,188. வேறுபாடு 8,69,224. அந்தப் பத்தாண்டுகளில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டியவர்களையும் கருதினால் இழப்பு இதைவிடப் பெரியது. இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். தமிழில் அதற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். கோலார் மாவட்டம் அப்பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. மாண்டவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. அவர்கள் இருந்ததற்கும் இல்லாமற் போனதற்கும் இந்தக் கழித்தல் ஒன்றே பெருஞ்சான்று.

அந்நாளில் மைசூரை மன்னர் ஆளவில்லை. 1831 முதல் 1881 வரை பிரிட்டிஷ் ஆணையர்களே நேரடியாக ஆண்டனர். சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதை 1864-இலேயே கோலார் மாவட்டத்தைக் கடந்து சென்றுவிட்டது. மாவட்டத்தின் பாறைக்கடியில் தங்கம் தேட லாவெல் என்ற முன்னாள் படைவீரர் 1875-இல் உரிமம் பெற்றார். பஞ்சம் முடிந்து ஈராண்டில், 1880-இல், ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. அடுத்துவந்த பத்தாண்டுகளில் வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள வறண்ட மாவட்டங்களிலிருந்தும் நிலமற்ற உழைப்பாளர்கள், பெரும்பாலும் ஆதி திராவிடர்கள், சுரங்கத்திற்குள் இறங்கினர். கோலார் தங்கவயல் எழுந்தது அவ்வாறுதான்.

அவர்களைக் குறிக்கத் தமிழில் ஒரு வழக்கு உண்டு: பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். இரக்கத்தோடும் சொல்வார்கள், ஏளனத்தோடும் சொல்வார்கள். இத்தொடர் பிழைத்தவரை மட்டுமே குறிக்கிறது. பிழைக்காதவர் அதில் இல்லை. பஞ்சம் என்ற சொல்லோ வானத்தைக் கைகாட்டி நிற்கிறது. மழை பொய்த்தது, பயிர் கருகியது, மக்கள் மாண்டனர் என்ற வரிசையில் மனிதர் எடுத்த முடிவு எதற்கும் இடமில்லை.

ஆண்டர்சன்பேட்டையில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரிடம், பெங்களூரில் சட்டம் பயிலும் அவருடைய பேத்தி இதே கேள்வியை வைத்தாள். பன்னாட்டுக் குற்றவியல் வகுப்பில் அவள் வாசிக்க வேண்டிய கட்டுரைக்கு அது பொருள்.

“தாத்தா, தாது வருஷப் பஞ்சத்த இனப்படுகொலைன்னு சொல்லலாமா?”

“மழ பெய்யல, பஞ்சம் வந்துச்சு. மழைய யாருமா குத்தம் சொல்றது?”

“மழை பெய்யாதது யாரு குத்தமும் இல்ல தாத்தா. ஆனா இங்க ஜனம் சாகுறப்பவே தானியம் ரயில்ல ஏறி, கப்பல்ல ஏறிப் போயிருக்கே?”

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “செத்தவங்க பேரு எங்கனா எழுதி வெச்சிருக்காங்களா?”

“இல்ல தாத்தா. ஜனத்தொகை எவ்வளவு கொறஞ்சுதுன்னு மட்டுந்தான் இருக்கு.”

“ஷிப்டு முடிஞ்சு எத்தினி வெளக்கு திரும்பலயோ, அத்தினி பேரு உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். மொதல்ல அத எண்ணு. பேரு அப்பறம் வைக்கலாம்.”

இனப்படுகொலை ஆய்வுகளில் பயன்படும் ஒரு முறைமை இந்த விடையில் அடங்கியிருக்கிறது. முதலில் எண்ணுதல், பிறகு யார் எதை அறிந்து என்ன முடிவெடுத்தார் என ஆராய்தல், அதன்பின் பெயரிடுதல். இவ்வரிசை தலைகீழாகும்போது விவாதம் பெயரைச் சுற்றியே சுழன்று, மாண்டவர்களை விட்டு விலகிப்போகிறது.

தாது வருஷப் பஞ்சத்தில் முடிவுகளுக்கு ஆவணம் உண்டு. 1877 சனவரியில் வைஸ்ராய் லிட்டனின் தூதராக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் கடும் உடலுழைப்புச் செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இவ்வளவைத் தின்று உழைப்பவன் உயிர்வாழ முடியாது என மருத்துவ அடிப்படையில் எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்தே கூலி திருத்தப்பட்டது. சென்னை ஆளுநர் பக்கிங்காம் அரசுச் செலவில் தானியம் வாங்க முற்பட்டபோது, சந்தையில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையின் பெயரால் அது தடுக்கப்பட்டது. இதே டெம்பிள் 1874-இல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து பெருஞ்சாவைத் தவிர்த்தவர். அதற்காக அவருக்குக் கிடைத்தது ஊதாரி என்ற பழி. சாவைத் தடுக்கும் வழி அவருக்குத் தெரியாதிருக்கவில்லை. தெரிந்தே கைவிடப்பட்ட வழி அது.

இவ்வளவும் இருந்தும், 1948-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் இனப்படுகொலை உடன்படிக்கையின் அளவுகோலை இதன்மேல் வைத்தால் இரண்டு இடங்களில் அது பொருந்தாமல் நிற்கிறது. முதலாவது, நோக்கம். ஒரு குழுமத்தை அக்குழுமம் என்பதற்காகவே முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தை உடன்படிக்கை கோருகிறது. லிட்டன் நிர்வாகத்தின் ஆவணங்களில் தெரிவது செலவைக் குறைக்கும் வெறியும் சந்தைக் கொள்கையின்மேல் குருட்டு நம்பிக்கையும். அதே நிர்வாகத்தின் கீழேயே நிவாரண முகாம்களும் இயங்கின. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்த நிவாரணப் பணியில் வெட்டப்பட்டதே. இரண்டாவது, குழுமம். தேசியம், இனம், மரபினம், சமயம் ஆகிய நான்கையே உடன்படிக்கை காக்கிறது. சாதி அதில் இல்லை, வர்க்கமும் இல்லை. பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்கள் நிலமற்ற கூலிகள், கைத்தொழிலாளர்கள், சேரிமக்கள். சட்டத்தின் சொல் அவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று.

இங்கேதான் மறுப்பாளர்கள் நுழைகிறார்கள். இனப்படுகொலை அன்று எனில் இயற்கைச் சாவு என்பது அவர்கள் வாதம். இவ்விரண்டுக்கும் நடுவில் எதுவுமே இல்லை என்பதுபோல் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் உண்டு. 1998-ஆம் ஆண்டின் ரோம் சட்டம், மானுடத்திற்கு எதிரான குற்றங்களுள் ஒன்றாகப் பெருந்திரளாய் அழித்தொழித்தலைச் சேர்த்து, உணவும் மருந்தும் கிடைக்காமற் செய்வதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. அக்குற்றத்தை நிறுவக் குழுமத்தின் வகை தடையில்லை. 1877-க்கு அச்சட்டத்தைப் பின்னோக்கிச் செலுத்தி எவரையும் தண்டிக்க இயலாது. ஆயினும் நடந்ததைச் சொல்ல மொழி இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

மறுதரப்பிலும் ஓர் அவசரம் உண்டு. மைக் டேவிஸ் 2001-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் டெம்பிள் கூலியின் உணவளவை நாஜி வதைமுகாமின் உணவளவோடு ஒப்பிட்டார். அதிர்ச்சி தரும் ஒப்பீடு அது. தேவையான அதிர்ச்சியும்கூட. ஆனால் அதைப் படித்தவர் பலர், ஒப்பீட்டையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டனர். உக்ரைனின் 1932–33 பஞ்சத்தை இனப்படுகொலை என்று 2006-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமாக்கியது. அச்சொல்லை உருவாக்கிய ரஃபேல் லெம்கினும் அவ்வாறே கருதினார். ஸ்டாலினின் நோக்கம் குறித்து வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகின்றனர். ஆனால் அவ்வாதம், தானியம் பறிக்கப்பட்டதையோ இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டதையோ மறுப்பதற்கு உரிமம் தரவில்லை. பெயர் பற்றிய கருத்து வேறுபாடும் நிகழ்வை மறுப்பதும் வெவ்வேறு. முன்னது ஆய்வின் இயல்பு.

பெயர் முக்கியமல்ல என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடவும் கூடாது. தங்கவயலே அதற்குச் சான்று. சுரங்கத்தின் பாறைத்தூளை மூச்சில் இழுத்து மார்பு அடைத்துப்போனவர்களின் நோய் நெடுங்காலம் காசம் என்றே கணக்கில் சென்றது. காசம் என்றால் தொழிலாளியின் சேரியும் அழுக்கும் பொறுப்பு, நிறுவனம் பொறுப்பன்று. 1940-இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸ் நோய்க்கு இழப்பீடு தரும் விதிகளை இயற்றியது. 1940–46 காலத்தில் 7,653 தொழிலாளர்கள் சோதிக்கப்பட்டபோது 43.7 விழுக்காட்டினரிடம் அந்நோய் காணப்பட்டது. சரியான பெயர் கிடைத்ததும் எண்ணிக்கை வெளிவந்தது, பொறுப்பு இடம் மாறியது. சுரங்கச் சாவு இனப்படுகொலை அன்று. ஆனால் பிழையான பெயர் யாரைக் காப்பாற்றுகிறது என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அந்தப் பெயரையும் முழக்கம் பெற்றுத்தரவில்லை, எக்ஸ்ரே படம் பெற்றுத்தந்தது.

தாது வருஷம் தமிழரை மேற்கே மட்டும் அனுப்பவில்லை. அதே ஆண்டுகளில் பெருந்திரளானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கடல் கடந்தனர். அவர்களுடைய வழிவந்தோரை 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1977, 1983 வன்செயல்களுக்குத் தப்பிய மலையகத் தமிழர் பலர் வடக்கே வன்னியில் குடியேறினர். 2009-இல் முள்ளிவாய்க்கால் வரை துரத்தப்பட்டவர்களுள் அவர்களும் இருந்தனர். பஞ்சம் பிழைத்தவர்களின் மூன்றாம் நான்காம் தலைமுறை அங்கே உணவு வரிசையில் நின்றது.

அங்கும் சான்றாய் நிற்பது ஒரு கழித்தலே. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 சனவரியில் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் அரசு அலுவலகப் புள்ளிவிவரங்களைக் கொண்டே கணக்கு வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்பதே அவர் கேள்வி. அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று அவர் சொல்லவில்லை, விடை கேட்டார். அதே ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளரின் வல்லுநர் குழு, 40,000 குடிமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றது. அரசும் புலிகளும் இழைத்த மீறல்களைத் தனித்தனியே பதிவுசெய்தது. தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதும் அதில் உண்டு.

அக்குழுவின் கண்டறிதல்களுள் ஒன்று, 1877-ஐப் படித்தவரைத் திடுக்கிடச் செய்யும். போர்ப்பகுதியில் இருந்த மக்களின் எண்ணிக்கையை அரசு வேண்டுமென்றே குறைத்துச் சொன்னது, அக்குறைந்த எண்ணிக்கையைக் காட்டியே உணவையும் மருந்தையும் குறைத்தது என்பதே அது. 2009-இன் தொடக்கத்தில் அரசு சொன்ன எண்ணிக்கை ஏறத்தாழ 70,000. உயிரோடு வெளியே வந்தவர்களோ அதைப்போல நான்கு மடங்கு. இதை நிறுவ இறந்தவர்களைக்கூட எண்ண வேண்டியதில்லை. பிழைத்தவர்களே அந்தப் பொய்க்குச் சாட்சி. எண்ணிக்கையை மறைப்பது கொலைக்குப் பின் நிகழும் மறுப்பு என்று பொதுவாக எண்ணுகிறோம். வன்னியில் அது கொலைக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அதற்குப் பின் வந்தது பெயர்ப் போர். வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரி 10-இல் இனப்படுகொலைத் தீர்மானம் நிறைவேற்றியது. 2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண் இரவோடிரவாக இடிக்கப்பட்டு, போராட்டத்தின் பின் மீண்டும் எழுப்பப்பட்டது. கனடிய நாடாளுமன்றம் 2022-இல் மே 18-ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. கொழும்பு அதைக் கண்டித்தது. எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இவ்வழக்கை இன்னும் விசாரிக்கவில்லை. தமிழ்நாட்டில் இனப்படுகொலை என்றும் ஈழத்தில் இனவழிப்பு என்றும் வழங்கும் சொற்களுக்கிடையே பொருளளவில் ஒரு நுண்ணிய வேறுபாடு இருக்கிறது. லெம்கின் கருதியது கொலையை மட்டுமன்று. ஒரு மக்கள் மக்களாக வாழும் அடிப்படைகளைத் தகர்ப்பதையும் சேர்த்தே. அவ்வகையில் ஈழத்துச் சொல்லே மூலத்திற்கு நெருக்கமானது. குடியுரிமைப் பறிப்பு, நிலம், நூலகம், நினைவிடம் ஆகியவை அச்சொல்லுக்குள் இயல்பாக வந்து அமர்கின்றன.

மறுப்பை ஆராய்ந்த ஸ்டான்லி கோஹென் அதை மூன்றாகப் பகுத்தார். நடக்கவே இல்லை என்பது ஒன்று. நடந்தது, ஆனால் நீங்கள் சொல்வதுபோல் அன்று என்பது மற்றொன்று. நடந்தது உண்மைதான், அதற்கு இப்போது என்ன செய்வது என்பது மூன்றாவது. வன்னியில் இன்னும் முதலிரண்டு வகையோடு போராட வேண்டியிருக்கிறது. தாது வருஷத்திற்கு எதிரி மூன்றாவது. அதன் சாவை எவரும் மறுப்பதில்லை. எவரும் நினைப்பதும் இல்லை. பஞ்சத்தில் மாண்டவர்களுக்கென்று தங்கவயலில் ஒரு கல் நடப்படவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின் எஞ்சிய சயனைடு மேடுகளே ஊரின் அடையாளமாய் நிற்கின்றன.

பேத்தியின் கட்டுரை இனப்படுகொலை ஆம், இல்லை என்ற தீர்ப்பில் முடியவில்லை. டெம்பிள் கூலி, கார்னிஷின் எதிர்ப்பு, தடுக்கப்பட்ட கொள்முதல், இரு குடிமதிப்புகளின் வேறுபாடு ஆகியவற்றை நிரல்படுத்தி, அறிந்தே அனுமதிக்கப்பட்ட பெருஞ்சாவு என்று அது நிறுவுகிறது. அவர்கள் வேறிடம் போயிருக்கலாமே என்ற வழக்கமான எதிர்வாதத்திற்கும் அதில் விடை உண்டு. 1881 குடிமதிப்பு எடுக்கப்பட்டபோது தங்கவயல் என்ற ஊரே உருவாகியிருக்கவில்லை. காணாமற்போன இலட்சங்கள் அங்கே ஒளிந்திருக்க வழியில்லை.

செய்யவேண்டிய வேலை இன்னும் இருக்கிறது. தாலுகா வாரியான 1871, 1881 குடிமதிப்பு அட்டவணைகள், சார்லஸ் எலியட் 1878-இல் எழுதிய மைசூர்ப் பஞ்ச அறிக்கை, தங்கவயலின் பழைய குடும்பங்கள் தம் பூர்விக ஊர் பற்றிச் சொல்லும் வாய்மொழிகள் ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து எந்த ஊர் எவ்வளவு குறைந்தது என்று தமிழில் எழுத வேண்டும். வாய்மொழி சொல்லும் கடைசித் தலைமுறைக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது.